மூன்றாவது வாளி

நிலவறைக்கு நான் இறங்கியது ஐஸ் எடுக்க. மணி பன்னிரண்டு இருபது. இரண்டு வருடம் மூடிக் கிடந்த என் பப் அன்று பகல் பன்னிரண்டுக்குத்தான் மறுபடி திறந்திருந்தது. தலைக்கு மேலே நூற்றைம்பது பேருடைய காலடிச் சத்தம். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியவள், சுவரோரம் வரிசையாக இருந்த நான்கு வாளிகளைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்று, இரண்டு, நான்கு காலி. மூன்றாவது வாளியில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது.

பீர் குழாய்களைக் காஸ்டிக் மருந்து ஏற்றித்தான் கழுவுவோம். பீப்பாயிலிருந்து மேலே கவுண்டர்வரை போகிற குழாய் முழுக்க அந்த மருந்து அரைமணி ஊறும். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரை இழுத்து அலசுவோம். வாளி காலியானால் குழாய் சுத்தம். இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. தூக்கத்தில்கூடச் செய்வேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

அன்று காலை இரண்டாவது குழாயை அலசி முடித்த நேரத்தில், வாசல் விளக்கைக் கோணலாக மாட்டுகிறார்கள் என்று மேலேயிருந்து குரல் வந்தது. ஓடினேன். அந்த ஆட்களோடு அரைமணி மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்து, நேராக நான்காவது குழாயை அலசினேன். பிறகு நான்கையும் பீப்பாய்களில் மாட்டினேன். விட்டுப்போன மூன்றாவது, மைல்ட் பீருடைய குழாய். மைல்ட் கறுப்பாக இருக்கும். அதில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஐஸாவது ஒன்றாவது. வந்த வழியே மேலே ஓடினேன்.

கவுண்டரில் பாலெட் இரண்டு கையாலும் பம்பு இழுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவள். அவள் அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது எங்கள் பர்மிங்ஹாமில், இந்தப் பப்பிலிருந்து நான்கு தெரு தள்ளி. அவள் காதருகே போய்க் கேட்டேன்.

"பாலெட், மைல்ட் யாருக்காச்சும் ஊத்தினியா?"

"ஒண்ணே ஒண்ணு. இந்தக் காலத்துல எவன்டி மைல்ட் குடிக்கிறான்?"

"எப்போ?"

"இப்பத்தான், அஞ்சு நிமிஷம் இருக்கும். மொதல் கிளாஸ் கலங்கலா வந்துச்சு, கொட்டிட்டேன். ரெண்டாவது நல்லாத்தான் இருந்துச்சு. ஏன், என்ன மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"யாருக்குக் குடுத்த?"

"யாருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? கைதான் தெரிஞ்சுது. கண்ணாடிய மூடிக்கிட்டுக் குடிங்கன்னு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னது நீதானே?"

உண்மைதான். நான்தான் சொன்னேன். லின்னெட் என்கிற இந்தப் பப்பின் அழகே அந்தக் கண்ணாடிகள்தான். குதிரை லாடம் போல வளைந்த கவுண்டர். அதைச் சுற்றி மரத்தடுப்பு வைத்த ஐந்து சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலிருந்தும் கவுண்டரைப் பார்க்க, முகத்துக்கு நேரே சுழலும் சின்னக் கண்ணாடிக் கதவுகள், மொத்தம் பதினான்கு. பெரணி இலையும் குருவியும் செதுக்கிய பனிக் கண்ணாடி. விக்டோரியா மகாராணி காலத்துத் துரைமார்கள் குடிப்பதை ஊற்றிக் கொடுக்கிற பெண் பார்த்துவிடக் கூடாதாம், அதற்காக வைத்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதில் கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியைத் திறப்பதும் மூடுவதும் குடிக்கிறவர் உரிமை. கவுண்டர் பக்கத்திலிருந்து நாங்கள் அதைத் தொடக் கூடாது. தொட்டாலும் திறக்காது, எங்கள் பக்கம் பிடியே கிடையாது. அன்று வந்தவர்கள் எல்லோரும் குழந்தைகள் மாதிரி அந்த விளையாட்டில் இறங்கிவிட்டார்கள். பதினான்கும் மூடியிருந்தன. கீழே கைகள் மட்டும் வந்து வந்து போயின.

பாலெட்டிடம் ஒரு வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கை பம்பிலிருந்து நழுவியது.

"காஸ்டிக்கா? ஐயோ கர்த்தரே! தொண்டை வெந்து போயிடும்டி. கத்து. இப்பவே கத்து!"

அவள் வாயைத் திறப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "இரு. ரெண்டே நிமிஷம். நான் போயிப் பாத்து, கையோட வாங்கிட்டு வந்துடறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஹேலிங் இருக்கான். பத்திரிகைக்காரன் இருக்கான். ரெண்டு நிமிஷம், பாலெட். மைல்ட் பம்ப மட்டும் தொடாத."

ஹேலிங் என்பவன் பீர் கம்பெனியின் ஆள். கட்டடம் கம்பெனியுடையது, நடத்துகிற உரிமை மட்டும் என்னுடையது, அதுவும் கம்பெனி நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம். இதற்காக நான் வீட்டை விற்றிருந்தேன். இரண்டு வருடம் மாடியில் ஒற்றை அறையில், சுண்ணாம்புத் தூசியில் படுத்து எழுந்திருந்தேன். முதல் நாளே பீரில் விஷம் என்று கத்தினால் என் கதி என்ன ஆகும் என்று யோசித்தேன். யாரோ ஒருவருடைய தொண்டையை ஒரு தட்டிலும் என் கடையை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன் என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வைத்துத்தான் பார்த்தேன்.

வெளி நடைவழியாக முதல் அறைக்குள் நுழைந்தேன். பெண்கள் ஆறு பேர், பலகையில் குறிபார்த்து அம்பு எறிகிற குழு. எல்லோர் கையிலும் ஜின். "டெனிஸ், உன் கண்ணாடிக்கு ஒரு முத்தம்டி!" என்று ஒருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது அறையில் நிற்க இடமில்லை. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டேன். "இங்க யாராச்சும் மைல்ட் வாங்கினீங்களா?"

"மைல்ட்டா? நான் என்ன தாத்தாவா?" என்றான் ஒரு தடியன். அறையே சிரித்தது. ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். எல்லாம் வெளிர் நிற பீர். ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை.

மூன்றாவது அறைக் கதவில் கை வைத்தபோது என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். ஹேலிங்.

"எங்க ஓடறீங்க? உங்களத்தான் தேடிட்டு இருக்கேன். கடிகாரத்துக்குக் கீழ ஒரே ஒரு படம். போட்டோக்காரர் கெளம்பணுமாம்."

"அப்புறம் வரேன் சார். கொஞ்சம் அவசரம்."

"உங்க கடை தொறந்த அன்னிக்கு இதவிட என்னங்க அவசரம்? ஒரு நிமிஷம்."

இழுத்துக்கொண்டு போனான். நானும் போனேன். கவுண்டருக்கு நடுவில் பெரிய கடிகாரத்தின் அடியில் என்னை நிறுத்தினார்கள். சுற்றிலும் பதினான்கு கண்ணாடிகள், மேலே எரிவாயு விளக்கின் வடிவில் செய்த விளக்குகள், தரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பதித்த கற்கள். போட்டோக்காரன், "சிரிங்கம்மா, நல்லா, வாய் தெறந்து," என்றான். சிரித்தேன். இன்னொன்று என்றான். அதற்கும் சிரித்தேன். பாலெட் பம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பார்வைதான் என்னை உலுக்கியது. ஹேலிங்கின் கையை உதறிவிட்டு, கவுண்டர் ஓரத்தில் தொங்கிய பித்தளை மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பலம்கொண்ட மட்டும் அடித்தேன்.

இதைவிட முட்டாள்தனமான காரியத்தை ஒரு பப்காரி செய்ய முடியாது. எங்கள் ஊரில் பப் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நேரமாகிவிட்டது, கையில் இருப்பதைக் குடித்து முடி. பதினெட்டு வயதிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பட்டப்பகல் என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் நூற்றைம்பது பேரும் கிளாஸை உயர்த்தினார்கள். ஹோ என்று ஒரே கூச்சல். யாரோ, "இப்பத்தானே தொறந்த, அதுக்குள்ள மூடறியா?" என்று கத்த, கூட்டம் கைதட்டியது. என் கண் முன்னாலேயே எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள்.

"குடிக்காதீங்க! வைங்க கீழ!" என்று அலறினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது பாலெட் கவுண்டர் மேல் ஏறினாள். ஐம்பத்தைந்து வயது, மூட்டுவலி, ஏறிவிட்டாள். ஞாயிறு ஞாயிறு சர்ச்சில் பாடுகிற குரல் அது, மைக் தேவைப்படாது.

"மைல்ட் வாங்கினவங்க யாரு? கறுப்பு பீர்! அத வாயில வைக்காதீங்க! அதுல காஸ்டிக் கலந்திருக்கு! இது வெளையாட்டு இல்ல!"

சிரிப்பு நின்றது. பிறகு டக், டக், டக் என்று கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பயந்த முகங்கள், அருவருத்த முகங்கள், வாயைத் துடைத்துக்கொண்டிருந்த முகங்கள். "என்னுது பிட்டர்," "எனக்கு சைடர்," "இங்க யாருமில்ல" என்று குரல்கள். எண்ணிக்கொண்டே போனேன். பதின்மூன்று திறந்திருந்தன.

ஒன்பதாவது மட்டும் மூடியே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிழல். அறையில் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி ஆள் உட்கார்ந்திருந்தார். கை அசைந்தது. கையில் கறுப்பாக ஏதோ.

இவ்வளவு கூச்சலிலும் காது கேட்காத ஆள் யார் என்று யோசித்த கணத்தில் தெரிந்துவிட்டது. லென். லென் ஸ்ப்ரோசன். இந்தப் பதினான்கு கண்ணாடிகளையும் மாட்டியவர். பதின்மூன்றைப் புதிதாகச் செதுக்கினார். ஒன்று மட்டும் பழையது, மாடிப்படிக்கு அடியில் குப்பையோடு கிடந்ததைக் கண்டெடுத்து நாற்பது நாள் சுத்தம் செய்தார். கண்ணாடி அறுக்கிற இயந்திரச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. கூட்டம் என்றால் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இரைச்சல் தலையைக் குடைகிறதாம். எட்டு மாதம் என் சமையலறையில் அவர் குடித்தது தேநீர் மட்டும்தான். அவர் மைல்ட் குடிப்பவர் என்பது எனக்குத் தெரியாது.

"லென்!" என்று கத்தினேன். கத்தி என்ன பயன்?

அறைக்குப் போக நடைவழி முழுக்க ஆள். கவுண்டர் மேல் குப்புற விழுந்து, கண்ணாடிக்குக் கீழே இடைவெளியில் தோள்வரை கையை நுழைத்துத் துழாவினேன். கிளாஸ் கிடைக்கவில்லை. ஒரு கை கிடைத்தது. காய்த்துப்போன, சூடான கை. அது என் கையைப் பிடித்து அன்பாக இரண்டு முறை குலுக்கியது. நான் வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். குலுக்கி முடித்துவிட்டு, மற்ற கையில் இருந்த கிளாஸை உயர்த்தினார். நிழல் அண்ணாந்தது.

கையை உருவிக்கொண்டு எழுந்து, தோளால் அந்தக் கண்ணாடியை இடித்தேன். அசையவில்லை. அவர் போட்ட தாழ்ப்பாள் அவ்வளவு உறுதி. மறுபடி இடித்தேன். பித்தளை ஆணி பெயர்ந்தது. கண்ணாடி அப்படியே அவர் பக்கம் சாய்ந்து, கிளாஸைத் தட்டிவிட்டு, கவுண்டர் விளிம்பில் மோதித் தூள்தூளானது. நூற்றுமுப்பது வருடம் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான். நான் உடைத்தேன்.

லென் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்ட! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இது பழசு! இதுதான் அந்தப் பழசு!"

காது கேளாதவர் கத்துகிற கத்தல். பப் முழுக்க எதிரொலித்தது. கவுண்டரைக் கையால் காட்டினேன்.

கொட்டிய மைல்ட் மஹாகனிப் பலகையில் பரவியிருந்தது. மூன்று வாரமாகப் பூசிப் பூசி ஏற்றிய அரக்கு மெருகு அந்த ஈரத்தில் வெளுத்து, சுருங்கி, பால் ஏடு மாதிரி மேலே எழுந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு அந்த ஏட்டை ஒதுக்கினார். அடியில் வெறும் மரம். மெதுவாக அந்த விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். உதடு ஏற்கனவே தடித்திருந்தது.

"குடிச்சீங்களா?" வாயை அகலமாகத் திறந்து, அவர் என் உதட்டசைவைப் படிக்கும்படியாகக் கேட்டேன்.

நான்கு விரலைக் காட்டினார். நான்கு வாய்.

பாலெட் பால் கொண்டு ஓடி வந்தாள். வாயைக் கொப்பளிக்கச் செய்தோம், சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தோம். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஹேலிங் என் பின்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. நானே எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். திறந்து நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டை முழுக்கக் கொப்புளம், ஆனால் ஆழமாகப் போகவில்லை, இன்னும் இரண்டு வாய் உள்ளே போயிருந்தால் கதை வேறு என்று டாக்டரம்மா சொன்னார். லென் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவருக்கு என் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பேசாதீங்க," என்று கையால் சைகை காட்டினேன். அவர் கேட்கவில்லை. காற்றுப் போன குரலில் பேசினார்.

"மொதல் வாயிலயே தெரிஞ்சுது. சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு. கீழ வச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?" என்று உதட்டை அசைத்துக் கேட்டேன்.

"திருப்பிக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். கண்ணாடி ஓரத்துல ஒரு இடுக்கு இருக்கில்ல, அது வழியா எட்டிப் பாத்தேன். நீ கடிகாரத்துக்கு அடியில நின்னு போட்டோவுக்குச் சிரிச்சிட்டு இருந்த." நிறுத்தி, வலியோடு எச்சில் விழுங்கினார். "எட்டு மாசமா உன்னப் பாக்கறேன். ஒருநாள்கூட நீ அப்படிச் சிரிச்சுப் பாத்ததில்ல. நல்ல நாளும் அதுவுமா உன் பீர் நல்லால்லன்னு சொல்ல மனசு வரலம்மா. மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சு முடிச்சிடலாம்னு எடுத்தேன். மூணு வாய்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. துணியால் துடைத்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பாலெட் சொல்ல மாட்டாள். வேறு யாருக்கும் தெரியாது. அவர் காதுக் கருவி மேசை மேல் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். புருவத்தைத் தூக்கினார். மாட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தேன். அவர் இரண்டையும் மாட்டி, அவை ஊளையிட்டு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அந்தப் போட்டோ எடுக்கறப்பவே எனக்குத் தெரியும், லென்," என்றேன். "பீர்ல மருந்து கலந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் சிரிச்சேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலில் வலது காதிலிருந்தும், அப்புறம் இடது காதிலிருந்தும் கருவியைக் கழற்றி, மேசை மேல் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.